அணுக்கரு இணைவு ஆய்வில் தனியார் நிறுவனத்தோடு ஒரு கல்லூரி சேரலாமா? ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: இயற்பியல் ஆசிரியை, தேவகோட்டை

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் உள்ள ஓர் உதவிபெறும் கல்லூரியின் இயற்பியல் துறையில் பணியாற்றுகிறேன். முனைவர் பட்ட ஆய்வு நடத்தும் அங்கீகாரம் எங்கள் துறைக்கு உண்டு. ஆனால் கருவிகள் குறைவு. அரசு நல்கைகளும் எப்போதாவதுதான் கிடைக்கின்றன. இந்நிலையில், லேசான அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து ஆற்றல் பெறும் அணுக்கரு இணைவு உலைகளுக்கான பொருள்களை உருவாக்கிவரும் ஒரு தனியார் நிறுவனம், எங்கள் துறையோடு மூன்றாண்டுக் கூட்டாய்வு செய்ய விரும்புவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. உருகிய ஈய-லித்தியக் கலவையில் எஃகு மாதிரிகளை நெடுநேரம் அமிழ்த்தி வைத்து, அரிப்பு எந்த அளவில் நிகழ்கிறது என்று அளந்து தருவதுதான் வேலை. இதற்கான உலை, ஆர்கான் வாயு நிரப்பிய கிளவ் பாக்ஸ் (வெளிக்காற்று படாமல் கையுறை வழியே வேலை செய்யும் மூடிய பெட்டி), இரண்டு ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகை ஆகியவற்றை நிறுவனம் ஏற்றுக்கொள்ளும்.

எங்கள் கல்லூரிக் குழுவின் செயலர் இதில் மிகுந்த ஆர்வம் காட்டுகிறார். கல்விக்கு வாரிக் கொடுத்த மண் இது; இப்படி ஒருவர் தாமாக முன்வந்து தரும்போது நாம் தயங்கலாமா என்பது அவருடைய கேள்வி. அவருடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வரைவு ஒப்பந்தத்தின் ஒரு பத்தி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை அப்படியே தருகிறேன்: "இக்கூட்டாய்வின் வழியாகப் பெறப்படும் தரவுகள், முடிவுகள், அவற்றின் பகுதிகள் ஆகிய எவையும் நிறுவனத்தின் எழுத்துமூலமான முன் ஒப்புதல் இன்றி எவ்வடிவிலும் எக்காலத்திலும் வெளியிடப்படலாகாது." ஒப்புதலை எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று எங்கும் குறிப்பிடப்படவில்லை. மறுத்தால் என்ன காரணம் காட்ட வேண்டும் என்பதும் இல்லை.

இந்த ஆய்வில் சேர முதலில் ஆர்வம் தெரிவித்தவர் புதுவயலைச் சேர்ந்த ஒரு மாணவி. அவருடைய தந்தை அரிசி ஆலையில் வேலை செய்கிறார். அந்த வீட்டில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் இவர்தான். மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும் என்றவுடன் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தேன். நான்கைந்து ஆண்டுகள் உழைத்த பிறகு, "உன் முடிவுகளை வெளியிட அனுமதி இல்லை" என்று ஒரு கடிதம் வந்தால் அவர் யாரிடம் போய் நிற்பார்?

இணைவு ஆற்றல் துறையில் பல்கலைக்கழகங்களும் தனியார் நிறுவனங்களும் எப்படிச் சேர்ந்து பணியாற்றுகின்றன, இத்தகைய நிபந்தனைகளை மற்றவர்கள் எவ்வாறு கையாளுகிறார்கள் என்று அறிந்தவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும். எங்கள் ஊர் போன்ற இடத்தில் இந்த வேலையை எடுத்துக்கொள்வதே பொருத்தமா என்பது பற்றியும் உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

பதில் 1: மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், குன்றக்குடி

அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இணைவு ஆற்றல் இன்னும் முப்பது ஆண்டுகளில் வந்துவிடும் என்ற வாக்குறுதியை நான் கல்லூரி மாணவனாக இருந்த காலத்திலிருந்தே கேட்டுவருகிறேன். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் பெற்றார்கள் என்பது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அந்த லேசர்களை இயக்குவதற்கு மின்கட்டமைப்பிலிருந்து ஏறத்தாழ 300 மெகாஜூல் எடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் ஜெட் என்ற இணைவுச் சோதனைக் கருவி தன் இறுதிக் கட்டச் சோதனையில், 2023இல், 69 மெகாஜூல் வெளிப்படுத்தியது. அதுவும் உள்ளே செலுத்திய வெப்பத்தைவிடக் குறைவுதான்.

ஆகவே, இந்த நிறுவனம் மின்சாரம் தயாரிப்பதற்கு முன்பே மூடப்படலாம் என்ற எண்ணத்தோடு நீங்கள் கையெழுத்திட வேண்டும். அப்படி மூடப்பட்டால் உங்கள் மாணவர்களின் உதவித்தொகை என்ன ஆகும், கருவிகள் யாருக்குச் சேரும் என்பவை வெளியீட்டு உரிமைக்கு எந்த வகையிலும் குறையாத கேள்விகள். வரைவில் இவற்றுக்கு இடம் இருக்கிறதா?

பதில் 2: அரிப்பியல் ஆய்வாளர் (ஓய்வு), கோட்டையூர்

குன்றக்குடி ஆசிரியர் கேட்டிருப்பது சரியான கேள்வி. அதற்குச் சட்டம் அறிந்தவர்கள் விடை சொல்லட்டும். வேலையின் தன்மையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது சற்று நீளமானது. பொறுமையோடு படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

ஹைட்ரஜனின் கனமான வடிவங்களான டியூட்டிரியமும் டிரிட்டியமும் இணையும்போது வெளிப்படும் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானோடு வெளியே போய்விடுகிறது. அந்த நியூட்ரானைப் பிடித்து வெப்பமாக்க வேண்டும். அதே நியூட்ரானைக் கொண்டு அடுத்த சுற்றுக்கான டிரிட்டியத்தையும் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுதான், அது இயற்கையில் அள்ளிக்கொள்ளும் அளவில் கிடைப்பதில்லை. ஒரு கிகாவாட் இணைவுத் திறன் கொண்ட உலை ஓராண்டு முழுவதும் ஓடினால் ஏறத்தாழ 56 கிலோ டிரிட்டியத்தைச் செலவழிக்கும். உலகில் பொது பயன்பாட்டுக்கு இருக்கும் மொத்தக் கையிருப்போ, பெரும்பாலும் கனடாவின் கனநீர் உலைகளில் சேர்ந்த சில பத்து கிலோ மட்டுமே. எனவே உலையைச் சுற்றி லித்தியம் கொண்ட ஒரு போர்வை இருந்தாக வேண்டும். உருகிய ஈய-லித்தியம் அதற்கான முதன்மையான தேர்வுகளில் ஒன்று. லித்தியம் டிரிட்டியத்தைத் தருகிறது, ஈயம் நியூட்ரான்களின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. கலவை சுமார் 235 டிகிரி செல்சியஸில் உருகுகிறது.

சிக்கல் என்னவென்றால், இந்தத் திரவம் தன்னைத் தாங்கும் எஃகைக் கரைக்கிறது. இரும்பும் குரோமியமும் வெப்பம் மிகுந்த பகுதியில் கரைந்து, குளிர்ந்த பகுதியில் படிந்து, நாளடைவில் குழாயை அடைக்கக்கூடும். இதைத் தாங்குவதற்கான எஃகில் ஏறத்தாழ 9 விழுக்காடு குரோமியம் இருக்கும். உலையில் நியூட்ரான் பட்ட பின் நீண்ட காலம் கதிரியக்கத்தைச் சுமந்திருக்கும் மாலிப்டினம், நயோபியம் ஆகியவற்றுக்குப் பதிலாக டங்ஸ்டனும் டாண்டலமும் சேர்க்கப்படும். நம் நாட்டிலேயே கல்பாக்கத்தின் அணு ஆராய்ச்சி மையமும், காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமும், ஐதராபாத்தின் மிதானி நிறுவனமும் சேர்ந்து இத்தகைய எஃகை உருவாக்கியிருக்கின்றன.

இப்போது சோதனைக்கு வருகிறேன். நகத்தளவு எஃகுத் துண்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, பத்தாயிரத்தில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசில் எடை பார்த்து, ஆர்கான் சூழலில் உருகிய கலவைக்குள் தொங்கவிட வேண்டும். 500 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஆயிரம் மணி நேரம், இரண்டாயிரம் மணி நேரம் என்று அது கிடக்கும். எடுத்த பிறகு மேலே ஒட்டியிருக்கும் ஈயத்தை அசிட்டிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு, எத்தனால் கலந்த கரைசலில் கழுவி நீக்கி, உலர்த்தி, மீண்டும் எடை பார்க்க வேண்டும். இரண்டு எடைகளுக்கும் உள்ள சிறிய வேறுபாட்டில்தான் முழு ஆய்வும் அடங்கியிருக்கிறது. கழுவும் முறையில் கவனம் தவறினால் எஃகையும் சேர்த்துக் கரைத்துவிடுவோம். அதனால் அமிழ்த்தாத ஒரு துண்டையும் அதே கரைசலில் கழுவி ஒப்பிட்டே ஆக வேண்டும். கதிரியக்கப் பொருள் எதுவும் இதில் இல்லை. ஈயப் புகையிலிருந்து மாணவர்களைக் காக்கும் காற்றோட்ட அமைப்பும், லித்தியம் ஈரத்தைச் சந்திக்காமல் பார்த்துக்கொள்ளும் ஒழுங்கும் போதுமான அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். பொறுமையும் நேர்மையும் உள்ள சிறிய ஆய்வகம் உலகத் தரத்தில் செய்யக்கூடிய வேலை இது. பெரிய இயந்திரம் காந்திநகரிலும் பிரான்சிலும் இருக்கட்டும். அந்த இயந்திரத்துக்குத் தேவைப்படும் ஆயிரம் எண்களில் சிலவற்றை நம் ஊரிலிருந்து தர முடியும்.

இந்த நிறுவனம் நிலைக்குமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. முறையாக அளந்து வெளியிடப்பட்ட ஓர் அரிப்பு வீதம், அளக்கச் சொன்ன நிறுவனம் போன பிறகும் பயன்படும். வெளியிடப்படாவிட்டால் அது ஒருவருக்கும் பயன்படாது. ஆகையால் அந்தப் பத்தியை ஏற்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் செயலரிடம் ஒன்றைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க்காரரான வள்ளல் அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ஆய்வகம் திறக்கப்பட்டது. அங்கே கண்டறியப்படுவது எனக்குச் சேர வேண்டும் என்று வள்ளல் கேட்கவில்லை. அது கொடை. உங்களுக்கு வந்திருப்பது முதலீடு. முதலீட்டில் தவறேதும் இல்லை, அதை வைத்தே உலகம் இயங்குகிறது. ஆனால் கொடையை வாங்கிக்கொள்ளும் மனநிலையில் முதலீட்டுக்குக் கையெழுத்திடக் கூடாது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆள் அனுப்பிய நம் வட்டிக்கடைகளில், புறப்படும் முன்பே சம்பளச் சீட்டு எழுதி, எத்தனை ஆண்டு, என்ன ஊதியம், என்ன பொறுப்பு என்று முடிவுசெய்த பிறகுதான் கப்பலேறினார்கள். அந்தத் தெளிவு இங்கும் வேண்டும்.

பதில் 3: ஆய்வு மாணவர், மாடிசன், விஸ்கான்சின் (சொந்த ஊர் பள்ளத்தூர்)

கோட்டையூர் ஐயாவின் பதிலைப் படித்தவுடன் எழுதத் தோன்றியது. நான் இங்கே பிளாஸ்மா (மிகுந்த வெப்பத்தில் மின்னூட்டம் பெற்ற வாயு) இயற்பியலில் ஆய்வு செய்கிறேன். இணைவு நிறுவனங்களோடு பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் உறவு எப்படி இயங்குகிறது என்று அருகிலிருந்து பார்ப்பதால், நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு விடை தர முடியும்.

அதிகம் பேசப்படுவது எம்.ஐ.டி.யின் கதை. அங்கே இயங்கிவந்த ஆல்கேட்டர் சி-மாட் என்ற டோக்காமாக் (வளைய வடிவ அறைக்குள் பிளாஸ்மாவைக் காந்தப் புலத்தால் அடக்கிவைக்கும் கருவி), கூட்டரசின் நிதி நின்றதால் 2016 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. இயங்கிய கடைசி நாளில்கூட அது பிளாஸ்மா அழுத்தத்தில் இரண்டு வளிமண்டலத்தைத் தாண்டிச் சாதனை படைத்தது. அந்தக் குழுவினரின் அறிவைச் சிதற விடாமல் 2018இல் காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. இத்தாலியின் எனி நிறுவனம் முதலில் 5 கோடி டாலர் முதலீடு செய்தது. அடிப்படைக் கருத்து எளியது. காந்தப் புலத்தை இரு மடங்காக்கினால், மற்றவை மாறாதிருக்கும்போது, இணைவுத் திறனின் அடர்த்தி பதினாறு மடங்காகும். ஆகவே உயர் வெப்பநிலை மீக்கடத்தி (மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருள்) நாடாக்களால் வலிமையான காந்தம் செய்துவிட்டால் இயந்திரத்தைச் சிறிதாக்கலாம். பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் என்ற பன்னாட்டு இணைவுக் கருவியின் பெரும் ஆரம் 6.2 மீட்டர், இவர்கள் கட்டும் ஸ்பார்க் கருவிக்கு அது 1.85 மீட்டர்தான். 2021 செப்டம்பரில் எம்.ஐ.டி. வளாகத்திலேயே அந்தக் காந்தத்தைச் சோதித்து 20 டெஸ்லா புலத்தை எட்டினார்கள்.

இதில் உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. ஸ்பார்க் கருவியின் இயற்பியல் அடிப்படையை விளக்கும் ஏழு கட்டுரைகள் 2020இல் ஓர் ஆய்விதழில் வெளிவந்தன. யார் வேண்டுமானாலும் படித்துக் குறை சொல்லும்படி அவை திறந்து வைக்கப்பட்டன. காந்தச் சோதனையின் விவரங்களும் 2024இல் கட்டுரைகளாக வந்தன. காந்தத்தை வேண்டுமென்றே அதன் எல்லைக்குத் தள்ளி, ஒரு பகுதி உருகிச் சேதமடைந்ததைக்கூட அவற்றில் எழுதியிருந்தார்கள். கோடிக்கணக்கான டாலர் முதலீடு உள்ள நிறுவனமே தன் அடிப்படை முடிவுகளை வெளியிடுகிறது என்றால், வெளியீடு தொழிலைக் கெடுக்கும் என்ற வாதம் நிற்காது. உண்மையில், மற்ற அறிவியலாளர்கள் சரிபார்த்த பிறகுதான் முதலீட்டாளர்களுக்கும் நம்பிக்கை வருகிறது. உங்களோடு பேசும் நிறுவனத்திடம் இதை எடுத்துக்காட்டாகவே வைக்கலாம்.

எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்தும் நிறுவனங்கள் பிறந்திருக்கின்றன. டைப் ஒன் எனர்ஜி 2019இலும், ரியால்டா ஃபியூஷன் 2022இலும் தொடங்கப்பட்டன. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான இடத்தில் கட்டப்பட்ட வாம் என்ற காந்த ஆடி வகைக் கருவி (இரு முனைகளிலும் வலிய காந்தம் வைத்துப் பிளாஸ்மாவை நடுவில் நிறுத்துவது), 2024 ஜூலையில் முதல் பிளாஸ்மாவை உருவாக்கியது. அதில் உள்ள 17 டெஸ்லா காந்தங்களை நான் முன்னே சொன்ன காமன்வெல்த் நிறுவனம்தான் செய்து தந்தது. அரசு நிதி, பல்கலைக்கழகத்தின் இடம், ஒரு நிறுவனத்தின் காந்தம், இன்னொரு நிறுவனத்தின் எதிர்காலத் திட்டம் ஆகிய அனைத்தும் ஒரே கூடத்தில் கலந்திருக்கின்றன. இது எப்போதும் சிக்கலின்றி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு பேராசிரியரே நிறுவனத்தின் பங்குதாரராகவும் மாணவரின் வழிகாட்டியாகவும் இருந்தால், மாணவர் செய்யும் வேலை ஆய்வேட்டுக்காகவா நிறுவனத்துக்காகவா என்ற கேள்வி எழுந்தே தீரும். அதனால்தான் நலன் முரண்பாட்டை எழுத்தில் அறிவித்து, அதைக் கண்காணிக்க வழிகாட்டிக்கு அப்பாற்பட்ட ஒருவரை வைக்கும் ஏற்பாட்டைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்குகின்றன. உங்கள் கல்லூரியில் யாருக்காவது அந்த நிறுவனத்தில் பங்கோ, ஆலோசகர் பதவியோ உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வெளியீட்டைப் பொறுத்தவரை, இங்குள்ள பெரும்பாலான ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் நிறுவனத்துக்குத் தடை அதிகாரத்தைத் தருவதில்லை. கட்டுரையை அனுப்பும் முன் முப்பது நாள் பார்க்கக் கொடுப்பார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தால் மேலும் அறுபது நாள் வரை தள்ளி வைப்பார்கள். அதற்கு மேல் இல்லை. கொள்கைப் பிடிப்பு மட்டும் இதற்குக் காரணம் இல்லை. அமெரிக்காவில் 1985இல் வந்த ஓர் அதிபர் ஆணையின் வழியே, தடையின்றி வெளியிடப்படும் அடிப்படை ஆய்வுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு உண்டு. வெளியீட்டுத் தடைக்கு ஒப்புக்கொண்டால் அந்த விலக்குப் போய்விடும். என்னைப் போன்ற அயல்நாட்டு மாணவர்கள் அந்த ஆய்வகத்தில் வேலை செய்வதே சிக்கலாகிவிடும்.

ஆனால் நிறுவனம் தரும் தகவல்களுக்கும் நீங்கள் காணும் முடிவுகளுக்கும் இடையே வேறுபாடு வைத்து, முன்னதை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நிறுவனம் தரும் எஃகின் துல்லியமான தயாரிப்பு முறை அவர்களுடைய ரகசியமாக இருக்கட்டும். அந்த எஃகு எந்த வெப்பத்தில் எவ்வளவு அரித்தது என்பது உங்களுடைய முடிவு.

கேள்வி கேட்டவர்: இயற்பியல் ஆசிரியை, தேவகோட்டை

மூவருக்கும் என் நன்றி. கோட்டையூர் ஐயாவின் கொடை-முதலீடு விளக்கத்தைச் செயலரிடம் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் நம் தரப்பு நிபந்தனைகளை நாமே எழுதி அனுப்புவோம்" என்றார். கதவு திறந்திருக்கிறது.

குன்றக்குடி ஐயா கேட்டபடி வரைவை மறுபடி பார்த்தேன். நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் முப்பது நாள் அறிவிப்பில் விலகலாம் என்று இருக்கிறது. உதவித்தொகை பற்றி எதுவும் இல்லை. கருவிகள் நிறுவனத்தின் உடைமையாகவே நீடிக்கும். மாடிசன் தம்பி சொன்ன வேறுபாடு எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. ஆனால் எஃகின் உட்கூறுகளைச் சொல்லாமல் அரிப்பு வீதத்தை மட்டும் எழுதினால் எந்த ஆய்விதழ் ஏற்கும்? இந்தியச் சட்டப்படி ஒரு மாணவரின் ஆய்வேட்டை ரகசியமாக வைக்க முடியுமா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

பதில் 4: காப்புரிமை வழக்கறிஞர், சென்னை (பிறந்த ஊர் கண்டனூர்)

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். பொதுவான விளக்கமாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு முழு வரைவையும் பார்க்க வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் வலுவான வாதம், பல்கலைக்கழக மானியக் குழுவின் முனைவர் பட்ட விதிமுறைகளிலேயே இருக்கிறது. பட்டம் பெறும் ஆய்வேட்டின் மின்படியை, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையத்துக்கு அளிக்க வேண்டும். அது சோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையத் தளத்தில் எல்லாரும் படிக்கும்படி வைக்கப்படும். வாய்மொழித் தேர்வும் பூட்டிய அறைக்குள் நடப்பதில்லை. துறை ஆசிரியர்களும் மற்ற ஆய்வு மாணவர்களும் வந்து அமர்ந்து கேட்கலாம். "எவ்வடிவிலும் எக்காலத்திலும்" வெளியிடக் கூடாது என்ற பத்தியில் கையெழுத்திட்டுவிட்டு, அதே தரவைக் கொண்டு ஒரு மாணவியை முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்தால், ஒன்று ஒப்பந்தத்தை மீற வேண்டும், இல்லையேல் அவர் பட்டத்தைக் கைவிட வேண்டும். நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு இதைச் சுட்டிக்காட்டினால் அவரே பத்தியை மாற்ற முன்வருவார். கெட்ட எண்ணத்தால் இத்தகைய பத்திகள் வருவது அரிது. வணிக ஒப்பந்த மாதிரி ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

நிறுவனத்தின் அச்சத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில், விண்ணப்பிக்கும் முன்பே கண்டுபிடிப்பை வெளியிட்டுவிட்டால் மிகச் சில விலக்குகள் தவிர உரிமை போய்விடும். ஆகவே கட்டுரையோ ஆய்வேடோ வெளிவரும் முன் அவர்களுக்குக் கால அவகாசம் தருவது முறைதான். மாடிசன் தம்பி சொன்ன முப்பது, அறுபது நாள் கணக்கை நீங்களும் வைக்கலாம். "குறித்த நாளுக்குள் எழுத்துமூலமான பதில் வராவிட்டால் ஒப்புதல் அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்" என்ற ஒரு வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அந்த வரி இல்லாமல் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை. பதில் எழுதாமல் இருப்பதன் மூலமே வெளியீட்டை ஆண்டுக்கணக்கில் தள்ளிவிட முடியும்; ஒரு மாணவரின் பணி அவ்வாறு முடங்கிக் கிடந்ததை என் தொழிலில் நேரில் பார்த்திருக்கிறேன்.

எஃகின் உட்கூறு குறித்து: முதன்மைத் தனிமங்களின் விழுக்காட்டை வெளியிடலாம், வெப்பப் பதப்படுத்தலின் விவரங்களை வெளியிடக் கூடாது என்று பிரித்து, ஒப்பந்தத்தின் இணைப்பாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத எதுவும் ரகசியம் அன்று என்றும் எழுதிவிடுங்கள். எது ரகசியம் என்பதை நிறுவனம் பின்னால் முடிவுசெய்யலாம் என்று விட்டால் எல்லாமே ரகசியமாகிவிடும்.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, நிறுவனம் மாதாமாதம் மாணவருக்கு நேரடியாக அனுப்பும் ஏற்பாடு வேண்டாம். மூன்றாண்டுக்கான முழுத் தொகையும் தொடக்கத்திலேயே கல்லூரிக் கணக்கில் வைப்பாக வந்துவிட வேண்டும். அவ்வளவு பெரிய தொகையை முன்கூட்டியே தர அவர்களால் இயலாவிட்டால், ஓராண்டுத் தொகை எப்போதும் முன்பணமாகக் கையிருப்பில் இருக்க வேண்டும். அவர்கள் விலகினாலும் பதிவுசெய்த மாணவர்களின் தொகை குறையக் கூடாது. கருவிகள் மூன்றாண்டு முடிவிலோ, நிறுவனம் முன்னரே விலகும் நாளிலோ கல்லூரிக்கு உடைமையாக வேண்டும். நிறுவனம் கலைக்கப்பட்டால் கடன்காரர்கள் உங்கள் ஆய்வகத்துக்குள் வந்து உலையைக் கழற்றிக்கொண்டு போகாதிருக்க இந்த வரி தேவை.

பதில்: அரிப்பியல் ஆய்வாளர் (ஓய்வு), கோட்டையூர்

வழக்கறிஞர் தம்பி எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

சோதித்த துண்டுகள் யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனம் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்கும். ஒவ்வொரு நிலையிலிருந்தும் ஒரு துண்டாவது கல்லூரியிலேயே பாதுகாக்கப்பட வேண்டும். பின்னர் யாராவது உங்கள் எண்ணில் ஐயம் எழுப்பினால் காட்டுவதற்கு அந்தத் துண்டுதான் இருக்கும். ஆய்வகக் குறிப்பேடுகளின் மூலப்படியும் உங்களிடமே இருக்க வேண்டும்; நிறுவனத்துக்குப் படி எடுத்துக் கொடுங்கள்.

இன்னொன்று, முடிவு நிறுவனத்துக்குச் சாதகமாக இல்லாதபோது என்ன நடக்கும் என்பது. அவர்களுடைய எஃகு எதிர்பார்த்ததைவிட வேகமாக அரிக்கிறது என்று உங்கள் மாணவி கண்டால், அதுவும் வெளியீட்டுக்கு உரியதே என்று தெளிவாக எழுதுங்கள். இணைவுத் துறையில் இன்று முதலீடு வேகமாகக் குவிகிறது, வாக்குறுதிகளும் அதே வேகத்தில் வருகின்றன. எந்தப் பொருள் தாங்கும், எது தாங்காது என்று பக்கச் சார்பின்றிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், பல ஆண்டுகள் கழித்து உலையின் போர்வையில் ஓட்டை விழுந்த பிறகுதான் அந்த உண்மை தெரியவரும். பல்கலைக்கழகம் இந்தக் கூட்டில் இருப்பதன் நியாயமே அதுதான்.

கேள்வி கேட்டவர்: இயற்பியல் ஆசிரியை, தேவகோட்டை

அனைவர் கருத்தையும் தொகுத்து ஒரு மாற்று வரைவு எழுதிவருகிறேன். வெளியீட்டுப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "ஆய்வு முடிவுகளை, அவை எத்தரப்புக்குச் சாதகமாக இருப்பினும் பாதகமாக இருப்பினும், வெளியிடும் உரிமை கல்லூரிக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் உண்டு. கையெழுத்துப் படியை முப்பது நாள்களுக்கு முன் நிறுவனத்தின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். காப்புரிமை விண்ணப்பத்துக்காக நிறுவனம் எழுத்துமூலம் கோரினால், மேலும் அறுபது நாள்களுக்கு மிகாமல் வெளியீடு தள்ளி வைக்கப்படும். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் அளிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். இணைப்பில் பட்டியலிடப்பட்ட தகவல்கள் மட்டுமே ரகசியமானவை."

புதுவயல் மாணவியிடமும் இரண்டு வரைவுகளையும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தன் பெயரும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இடம்பெற வேண்டுமா, அல்லது கல்லூரி கையெழுத்திட்டால் போதுமா என்று அவர் கேட்டார். எனக்கு அவர் கையெழுத்தும் இருப்பது நல்லது என்று தோன்றுகிறது. வழக்கறிஞர் ஐயா இதற்கு மட்டும் ஒரு வரி எழுதினால் அடுத்த குழுக் கூட்டத்துக்குள் வரைவை முடித்துவிடுவேன்.

பதில்: காப்புரிமை வழக்கறிஞர், சென்னை (பிறந்த ஊர் கண்டனூர்)

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அவரைத் தரப்பாகச் சேர்க்க வேண்டாம்; தரப்பானால் நிறுவனத்துக்கு எதிரான பொறுப்புகளும் அவர் தலையில் ஏறும். "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்ற ஒப்புகைக் கையெழுத்தை மட்டும் தனித் தாளில் பெற்று, ஒப்பந்தத்தின் ஒரு படியை அவர் கையில் கொடுங்கள். கண்டுபிடிப்பில் அவருடைய பங்கு இருந்தால் காப்புரிமை விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளராக அவர் பெயர் இடம்பெறும் என்ற வரியையும் உங்கள் வரைவில் சேர்த்துவிடுங்கள்.